மூப்பர் ஆடம் நிலம் பார்க்கப் போன கதை

கில்கிறிஸ்ட் குடும்பத்துக்கு ஒரு பிறவிக்குணம் உண்டு. பிடித்த முயலுக்கு மூன்றே கால். அயர்லாந்தின் அல்ஸ்டரிலிருந்து கப்பலேறி எங்கள் பென்சில்வேனியா மலைச்சாரலுக்கு வந்த கிழவர், பாதி மூட்டைகளைத் துறைமுகத்திலேயே தொலைத்தார். இந்தக் குணத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். மூத்த மகன் ஆடமுக்கு அதில் இரட்டைப் பங்கு. அதனால்தானோ என்னவோ, நாற்பது வயதிலேயே அவரைச் சபை மூப்பராக்கிவிட்டார்கள்.

கோயிலில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்துக்கு முந்தின வாரம் மூப்பர் வீடு வீடாகப் போய் விசாரிப்பார். நடத்தை சுத்தமென்றால் கையில் ஓர் ஈய வில்லை கிடைக்கும். வில்லை இல்லாதவன் பந்தியில் உட்கார முடியாது. ஊரே திரும்பிப் பார்க்கப் பின்பெஞ்சில் குந்தியிருக்க வேண்டியதுதான்.

ஒரு வருஷம் அறுப்புக் காலத்தில் ஆடம் காய்ச்சலில் விழுந்தார். அறுத்த கோதுமை வயலில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. ஞாயிறு காலை மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. கோயிலுக்குப் புறப்பட்ட தம்பி நினியன், மேல்சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, அண்ணனின் கோதுமை முழுவதையும் ஒற்றை ஆளாகக் களஞ்சியத்தில் சேர்த்தான். கடைசி வண்டி உள்ளே போகவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

அக்டோபரில் திருவிருந்து. அதுவரை ஆடம் வீட்டில் அந்தக் கோதுமை ரொட்டிதான். ஆனால் தம்பி வீட்டுப்படி ஏறியதும் மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா?

"ஞாயித்துக்கிழமை வேலை செஞ்சு ஓய்வுநாளை மீறிட்டே. தப்புன்னு சபை முன்னால சொல்லு, வில்லை தர்றேன்."

"உங்க கோதுமைக்காகத்தானேண்ணே?"

"யாரோடதா இருந்தா என்ன? கட்டளை கட்டளைதான்."

"அதைத் தின்னவருக்கு எந்தப் பெஞ்சு? முழுங்கும்போது கட்டளை தொண்டையில சிக்கலையாக்கும்!"

ஆடம் வில்லைப் பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

நினியனும் கில்கிறிஸ்ட்தானே! மன்னிப்புக் கேட்பானா? வசந்தம் வந்ததும் மனைவி ஈசபெல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு இந்தியானா காட்டுக்கே போய்விட்டான். அண்ணன் வாசலில் குதிரையை நிறுத்தவில்லை. ஆடம் ஜன்னலுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். கதவுக்கு இரண்டடி.

பாவி மனுஷன், அந்த இரண்டடியை நினைத்துப் பதினொரு வருஷம் வெந்தார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மாவா? கடைசியில் ஒருநாள் குதிரையேறினார். "தப்பு என்னோடதுதாண்டா தம்பி." இந்த ஒரு வாக்கியத்தைப் பதினாறு நாள் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

மரம் வெட்டிக்கொண்டிருந்த நினியன் கோடாலியை நழுவவிட்டான். தலை நரைத்திருந்தது.

"வாங்கண்ணே! இவ்வளவு தூரம்... என்ன விஷயம்?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"இந்தப் பக்கம் நிலம் விலைக்கு வருதுன்னாங்க. பாத்துட்டுப் போலாம்னு."

நினியன் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு என்ன தோன்றிற்றோ, மலர்ந்துவிட்டது.

"இங்கேயே வந்துடறீங்களாண்ணே? அட, சொல்லக்கூடாதா!"

மூன்று நாள் கூட்டிக்கொண்டு அலைந்தான். தன் நிலத்தை ஒட்டிய ஓடைக்கரையில் மண்ணைக் கிண்டி அண்ணன் கையில் வைத்தான். ஆடம் தினமும் காலையில் சொல்லிவிடுவதென்றுதான் எழுந்தார். சாயங்காலம்வரை மண்ணைப் பற்றியே பேசினார்.

"பிடிச்சுதாண்ணே?" என்றான் தம்பி, புறப்படும்போது.

"நல்ல மண்ணுதான். யோசிச்சு எழுதறேன்."

எழுதவில்லை. நிலத்தைப் பற்றி எழுதினால் பொய். நிஜத்தை எழுதக் கை வரவில்லை. என்ன வறட்டுக் கௌரவமோ, கர்மம்!

நான்காம் வருஷம் ஈசபெல்லின் கடிதம் வந்தது. மரம் சாய்ந்து நினியன் இறந்துபோனான், அடக்கமும் முடிந்தது. ஆடம் நின்றபடியே மீதியைப் படித்தார்.

"ஓடைக்கரை நிலத்தை, நீங்கள் போன மறுவாரமே அவர் வாங்கிப் போட்டுவிட்டார். முதல் உழவை அண்ணன்தான் உழ வேண்டும் என்று கடைசிவரை யாரையும் ஏர் வைக்க விடவில்லை. நீங்கள் எப்போது வருகிறீர்கள், அத்தான்?"