விஜயம் சித்தியின் வெயில் வழக்கு

திருவனந்தபுரத்தில் சூரியன் தினமும் காலையில் விஜயம் சித்தியிடம் வந்து, கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. ஒரு தடவை சித்திக்குக் காய்ச்சல் வந்தபோது மத்தியானம் வரை விடியவில்லை. நம்பாதவர்கள் வலியசாலைக்கு வந்து விசாரிக்கலாம். என்னிடம் விசாரித்தால் இதையேதான் சொல்வேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. வக்கீல். வஞ்சியூர் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நோட்டரி வேலை. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "வாய்தா வாங்கிண்டே இருந்தேன், கேஸ் தள்ளுபடி ஆயிடுத்து" என்பாள். சோற்றுக்கு நோட்டரி, மற்ற நேரமெல்லாம் மனு. கிள்ளியாற்றங்கரையில் பிளாஸ்டிக் எரிக்கக் கூடாதென்று ஒரு மனு. கடைத்தெரு மரங்களை வெட்டக் கூடாதென்று இன்னொன்று. பாதிக்குப் பாதி தோற்றிருக்கிறாள். தோற்ற அன்றைக்கும் ரசம் நன்றாகத்தான் வைப்பாள். நான் ப்ளஸ் டூவில் சில பாடங்களை மிச்சம் வைத்திருப்பதால் இதையெல்லாம் கவனிக்க எனக்கு நேரம் இருக்கிறது.

கடைசியாக அவள் எடுத்தது வெயில் கேஸ். சொந்த மாடி உள்ளவன் சோலார் பலகை போட்டால், வருகிற கரண்ட் அவன் பில்லில் கழியும். எங்கள் தெருவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டியவை. எந்த ஓடு யாருடையது என்று பூனைக்குக்கூடத் தெரியாது. பின்கட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கோ கூரையே வீட்டுக்காரருடையது.

"வெயில் எல்லார் தலைலயும்தான் விழறது. சட்டம் மட்டும் மொட்டை மாடி இருக்கறவாளாப் பார்த்து விழறதே" என்றாள் சித்தி. ஒரு பொது மாடியில் பலகை போட்டு, கரண்டைப் பல வீட்டு பில்களுக்கும் பங்கு வைக்க வேண்டும், வாடகைக்காரருக்கும் சேர்த்து. இதுதான் மனு. மின்சாரத்துக்கு விதி எழுதுகிற ஆணையம், ஒரு வருஷம் பரீட்சை செய்து பாருங்கள், பிறகு முடிவு சொல்கிறோம் என்றது. தெருவுக்கே பொதுவான எங்கள் சமூகமடத்தின் மொட்டை மாடியில் பலகைகள் ஏறின.

பங்குக்காரர்களில் ஒருத்தி ஜெபமலர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள், சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வேலை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஷீட் போட்ட அறையில் மகள் சுமியோடு இருக்கிறாள். அந்த அறையில் ஏப்ரலில் தோசை சுட அடுப்பு வேண்டாம். பங்கு கரண்ட் வந்தபிறகு பகலெல்லாம் ஃபேன் ஓடியது, சுமியின் முதுகில் வேர்க்குரு அடங்கியது. ஆணையம் வேண்டாமென்று சொன்னால் முதலில் நிற்கப் போவது அந்த ஃபேன்தான்.

விசாரணைக்குக் கொஞ்ச நாள் முன்னால், பலகை போட்ட கம்பெனியின் சுஜின் லாப்டாப்போடு வந்தான்.

"சேச்சி, ஏப்ரல் மோசமாக்கும். நல்ல வெயில் அடிக்கிற மாசம், கரண்ட் பாதிகூட இல்ல."

"பலகை பழுதா?"

"பலகைக்கு ஒண்ணுமில்ல. காலைல ஏறுது, உச்சி வெயில்ல விழுது, சாயங்காலம் பின்னையும் ஏறுது. இப்படி ஒரு சூக்கேடு, விட்டு விட்டு வர்ற சீக்கு, நான் கண்டதில்ல."

எதிர்த்தரப்பான கரண்டாபீஸின் வாதமே அதுதான். பொதுவில் இருப்பதை யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள், பங்கு சோலார் பாழாகும் என்பது. ஏப்ரல் கணக்கு அவர்களுக்கு லட்டு.

சித்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சமூகமடத்து மாடி ஏறினாள். நானும் சுஜினும் பின்னால் போனோம். மேலே பலகை தெரியவில்லை. வெள்ளை வேஷ்டிகள்தான் தெரிந்தன, அவற்றின்மேல் வரிசை வரிசையாகக் கூழ் வடாம், ஓமப்பொடி வடாம், ஓரத்தில் கொத்தவரங்காய் வத்தல். நடுவில் சமூகமடத்துச் செக்ரட்டரி பட்டாபி மாமா குடை பிடித்தபடி காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா இது?"

"வா விஜயம். தரைல போட்டா ரெண்டு நாள். இதுல ஒரே நாள்ல சுக்கா காயறது, கேட்டியா. தெருவுக்கே முறை வெச்சுக் குடுத்திருக்கேன். யாருக்கும் மனஸ்தாபம் இல்லை."

"இது கரண்ட் எடுக்கற பலகை, மாமா."

"அது பாட்டுக்கு அடியில எடுத்துக்கட்டுமே. நாம மேலதானே போடறோம்."

சுஜின் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

வத்தல் ஜெபமலருடையது. சாயங்காலம் சித்தி கேட்டபோது அவள் மறைக்கவில்லை. "எல்லாரும் போட்டாவ, நானும் போட்டேன்க்கா. எனக்கும் பங்கு உண்டுன்னு நீங்கதான சொன்னிய."

விசாரணையில் கேட்டால் என்ன சொல்வது என்று சித்தி ஏப்ரல் கணக்கைப் புரட்டினாள். நான் என் யோசனையைச் சொன்னேன். "மேகம்னு சொல்லிடு சித்தி. இல்லேன்னா புறான்னு சொல்லு."

"அடுத்த சித்திரைலயும் வடாம் காயும். அப்போ என்ன சொல்லுவே? இன்னும் பெரிய புறான்னா?"

வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். சண்டை போட அவளுக்கு மனம் வரவில்லை, வருஷத்துக்கான வடாம் ஆயிற்றே. ஒவ்வொரு மாமியும் "நாளைக்கு ஒரு நாள் மட்டும்" என்றாள். இப்படி எல்லாருக்கும் ஒரு நாள் விட்டால் விசாரணையே முடிந்துவிடும்.

மறுநாள் காலையில் மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு போர்டு நின்றது. சிவப்புப் பெயிண்டில் மண்டை ஓடு, குறுக்கே எலும்பு. கீழே தமிழிலும் மலையாளத்திலும், 'அபாயம். ஈர மாவு பட்டால் ஷாக் அடிக்கும்.' மண்டை ஓட்டுக்கு மூக்குக்கண்ணாடி வேறு. யார் வைத்தார்களோ, எனக்குத் தெரியாது. ஊரில் நல்லவர்களும் இருக்கிறார்கள். பட்டாபி மாமா பாதிப் படியிலேயே திரும்பி, "கரண்டாபீஸ்காரா வந்து வெச்சுட்டுப் போயிருக்கா" என்று தெருவெல்லாம் சொன்னார். வடாம் முற்றத்துக்கு இறங்கியது. சுஜினின் லாப்டாப்பில் கோடு மேலே ஏறி, ஏறின இடத்திலேயே நின்றது.

விசாரணை அன்று எதிர்த்தரப்பு வக்கீல் ஏப்ரல் கணக்கை நிறுத்தி நிதானமாக வாசித்தார். பொது மாடிக்குப் பொறுப்பாளி கிடையாது, ஆகவே மனுவைத் தள்ள வேண்டும் என்று சொல்லி உட்கார்ந்தார். பின் வரிசையில் ஜெபமலர் சுமியை மடியில் இறுக்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

சித்தி எழுந்து ஒரு டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். பொரிக்காத வடாம்.

"ஏப்ரல் மாதத்துக் கரண்ட் இதில் இருக்கிறது" என்றாள் மலையாளத்தில். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். "பொதுச் சொத்துக்கு ஆள் இல்லை என்கிறார்கள். எங்கள் கஷ்டம், ஆள் ஜாஸ்தி. வாடகைக்கு இருப்பவள்கூட என் பங்கு என்று வத்தல் போட்டிருக்கிறாள். தனக்கில்லாத இடத்தில் யாரும் வத்தல் போட மாட்டார்கள்."

ஆணையத் தலைவர் ஒரு அம்மாள். சிரிப்பு அடங்கும்வரை காகிதங்களைப் புரட்டினார். "கடைசி நாட்களில் கணக்கு சரியாகிவிட்டதே. யார் நிறுத்தினார்கள்? இந்த மாடிக்குப் பொறுப்பாளி என்று பெயர் சொல்ல ஒருவர் இருந்தால், பங்கு சோலாரை நிரந்தரமாக்க எங்களுக்குத் தடை இல்லை, வாடகைக்காரருக்கும் சேர்த்து. இருக்கிறாரா?"

சித்தி குனிந்து, மேஜைக்கடியிலிருந்து அந்த போர்டை எடுத்தாள். மண்டை ஓட்டை எல்லாருக்கும் காட்டினாள். பிறகு திருப்பினாள். பின்பக்கத்தில், 'எஸ். விஜயம், அட்வகேட், நோட்டரி.' எங்கள் பரணில் கிடந்த அவளுடைய பழைய பெயர்ப்பலகை.

"இருக்கிறான், மேடம். என் பெயர்ப்பலகையைத் திருடி, பொது மாடியைக் காவல் காத்தவன். தினமும் விடிந்ததும் வாளியும் துணியுமாக ஏறி எல்லா சோலார் பலகையையும் துடைக்கிறவனும் அவன்தான். வீட்டில் கேட்டால் காற்று வாங்கப் போனேன் என்பான்."

அப்புறம் தமிழுக்கு மாறினாள்.

"மஹேஷ், பெஞ்சுக்கு அடியில குனிஞ்சு என்ன தேடறே? எழுந்து நில்லு. மேடம் பேர் கேக்கறா."