கை தூக்கினால் கிழியாத சட்டை

எங்கள் சேவுகம்பட்டியில் பெண்கள் தோட்ட வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை மாட்டிக்கொள்வார்கள். அதைப் புதுத்துணியில் தைத்துக் கொடுத்தவர் பிராங்க்ளின். என் பஞ்சர் கடைக்கு எதிர்க்கடை. பெண்களுக்கு அளவெடுப்பது அவர் மனைவி சகாயசெல்வி. தொண்ணூற்றாறில் அவள் இறந்துபோனாள். அதன்பிறகு பெண்கள் சனிக்கிழமைதோறும் வந்து, அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, செத்த நேரம் கடைக்குள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிப் போவார்கள். அந்தச் சனிக்கிழமைப் பேச்சுதான் மனுஷனுக்கு இருந்த ஒரே துணை. மற்ற நாளெல்லாம் மிஷினோடுதான் பேசுவார். எனக்குப் பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் நான் போய்ப் பேசினதில்லை.

அளவு ஜாக்கெட் உடம்பைச் சொல்லும், கை எம்புட்டுத் தூக்கும் என்பதைச் சொல்லாது. முருங்கை பறிக்கிற பெருமாயியின் சட்டை கக்கத்தில் கிழிந்து வந்தது.

"அண்ணே, கையத் தூக்குனா டர்ருங்குது."

கை நுழையும் இடத்தைப் பெரிதாக வெட்டித் தைத்தார். இப்போது கையைத் தூக்கினால் சட்டையே இடுப்பை விட்டு மேலேறியது. பொண்டாட்டி இருந்தால் அவளைக் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்திருப்பார். அடுத்த வீட்டுப் பெண்ணிடம் அதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பதிலாக என்ன செய்தார் தெரியுமா? நோட்டும் பென்சிலுமாகப் போய் முருங்கைத் தோட்டத்து வேலியோரம் நின்று, காய் பறிக்கிற பெண்களின் கக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பனைமரத்தடியில் பால் குடித்தாலே கள் என்கிற ஊர் இது.

"பொண்டாட்டி செத்தவன் புத்தி போற போக்கப் பாரு" என்று பெருமாயி சொன்னது மறுநாளே அவர் காதுக்கு வந்துவிட்டது.

நோட்டில் அவர் வரைந்திருந்தது வெறும் சதுரம். கை நுழையும் இடத்தைச் சின்னதாக்கி, கையைத் தூக்கும்போது விரிந்து கொடுக்கக் கக்கத்தில் ஒரு சதுரத்துண்டை மூலைவாட்டில் வைத்துத் தைத்து, சட்டையை என்னிடம் கொடுத்தனுப்பினார். பெருமாயி போட்டுக் கையைத் தூக்கிப் பார்த்தாள். முகம் செத்துப்போனது.

"இதுக்குத்தான் வந்து நின்னாரா? நான் சொன்ன சொல்லுக்கு இனி எப்புடி அவரு மூஞ்சில முழிப்பேன்?"

அந்தச் சட்டை கிழியவே இல்லை. வத்தலக்குண்டு வரை பேர் போய்த் துணி குவிந்தது. ஆனால் அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்ட வெட்கத்தில் ஒருத்தியும் கடைக்குள் வரவில்லை. துணிப்பையைக் கதவு நிலைக்கு மேலிருந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

ஒரு சனிக்கிழமை பெருமாயி வந்தாள். மிஷின் சத்தம் நின்றது. பிராங்க்ளின் ஸ்டூலைத் துடைத்து வாசல் பக்கம் நகர்த்திப் போடுவது எனக்குத் தெரிந்தது. அவள் படியில் கால் வைக்கவே இல்லை. தெருவில் நின்றபடியே எக்கி, கையை முழுசாக நீட்டிப் பையை மாட்டிவிட்டு நடந்தாள். சட்டை இடுப்பை விட்டு ஒரு விரல்கூட மேலேறவில்லை. அம்புட்டு நன்றாகத் தைத்திருந்தார் அந்தப் பாவி மனுஷன்.