மேலவை உறுப்பினருக்கு ஆறுதல்

ஒரு அமெரிக்க அரசியல்வாதியின் பதவியை ஒரே சொல்லில் பறித்தவன் நான். அவருக்கு அது இன்றுவரை தெரியாது.

எண்பதுகளின் கடைசி. சேலையூரில் எங்கள் காலனி நலச்சங்கத்தின் செயலாளர் பதவிக்கு நின்றிருந்தேன். எதிர்த்து நின்றவர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. தண்ணீர் லாரி வரும்போது குடச்சண்டையை விலக்கிவிடுவதைத் தவிர வேறு தகுதி இல்லாதவர். நானோ படித்தவன். போதாததற்கு, அமெரிக்காவில் இருந்த என் மைத்துனரின் பக்கத்து வீட்டுக்காரர் அங்கே ஒரு மாநிலத்தில் செனட்டர். மகாபலிபுரம் பார்க்க வந்தவரை வழிமறித்து, வாக்கெடுப்புக்கு முந்தின ஞாயிறு பிள்ளையார் கோயில் கொட்டகையில் பேச வைத்துவிட்டேன். மொழிபெயர்ப்பும் நானே.

மேடையில் தன் கதையைச் சொன்னார். டிராக்டர் விற்றவராம். பள்ளிக்கூடக் கமிட்டியில் ஆரம்பித்து, இரண்டு முறை தோற்று, அப்புறம் விடாமல் செனட்டர். அந்தச் சொல்லை அப்படியே விட்டிருக்கலாம். முன்வரிசையில் தமிழ் வாத்தியார் உட்கார்ந்திருந்தார், கௌரவம் விடவில்லை. "மாநில மேலவை உறுப்பினர்" என்று முழங்கினேன்.

நம் தமிழ்நாட்டுச் சட்ட மேலவையைக் கலைத்துச் சில வருஷமே ஆகியிருந்தது. கொட்டகையில் ஒரு 'அச்சச்சோ' பரவியது.

"அதைத்தான் கலைச்சிட்டாங்களே சார்," என்றார் கார்டு. "இப்போ இன்னா பண்ணிகினு கீறாரு?"

அது வேறு, இது வேறு என்று விளக்கோ விளக்கென்று விளக்கினேன். விருந்தாளியின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள்.

செனட்டருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் தொழில் தெரிந்தவர். எதிரே முகங்கள் வாடியதும் தன் முகத்தையும் வாடவிட்டார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இறங்கிப் போய் ஒவ்வொருவர் கையாகப் பிடித்தார். எதிர்வீட்டு அம்மா, பென்ஷனாவது வருமா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இரண்டாவது டம்ளர் காபியை நீட்டினார். மனிதர் இத்தனை வருஷம் எப்படி ஜெயித்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கி என்ன, நான் மைக்கைப் பிடித்தபடி மேடையிலேயே நின்றேன்.

அடுத்த ஞாயிறு கார்டு ஜெயித்தார், அலட்டிக்கொள்ளாமல்.

மறுநாள் கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் எதிர்வீட்டு அம்மாவைப் பார்த்தேன். அவர் ஓட்டாவது எனக்குத்தான் என்ற நம்பிக்கையில் நன்றி சொல்லிவைத்தேன்.

"நான் கார்டுக்குத்தான் சார் போட்டேன்," என்றார். "அந்த அமெரிக்காக்காரர் நின்னிருந்தா அவருக்கே போட்டிருப்பேன். பாவம், வேலை வேற போயிடுச்சு."