பின்வரிசையில் இருந்த அங்கிள்

நாங்கள் குடியேறிய நகரத்தின் டவுன்ரவுனில் பழைய படங்கள் மட்டும் ஓடும் ஒரு சின்னத் தியேட்டரில் ரிக்கற் கிழிக்கும் வேலை எனக்கு. அந்த மாதம் முழுக்க, ஒருகாலத்தில் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று போஸ்டர் ஒட்டிக் காசு பார்த்த மலிவான அமெரிக்கப் படங்கள். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே கதைதான்: ஒரு சிறிய ஊர், கர்ப்பமான ஒரு பெண், அவளைத் துரத்தும் பெரிய மனிதர்கள். ஒரு மணி நேரம் உடம்பைக் காட்டிவிட்டுக் கடைசிப் பத்து நிமிடம் ஒழுக்கம் போதிப்பார்கள்.

ஒரு புதன்கிழமை மத்தியானக் காட்சிக்குத் தொப்பியை இழுத்துவிட்டபடி ஒருவர் ரிக்கற்றை நீட்டினார். எங்கள் தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் வேதாகமம் வாசிக்கும் அங்கிள். என்னைக் கண்டதும் கை அப்படியே நின்றது. நான் ஒன்றும் கேட்காமல் கிழித்துக் கொடுத்தேன். பின்வரிசையில் போய் இருந்தவர் படம் முடியும்வரை எழும்பவில்லை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. படம் பார்ப்பது பாவமா?

ஞாயிறு, பூசை முடிந்து கீழ் மண்டபத்துக்கு இறங்கினால் அம்மாவின் முகம் கறுத்திருந்தது. பத்துப் பேருக்கு முன்னால் அங்கிள் சொல்லிக்கொண்டிருந்தார்:

"உங்கட மகள் ஊத்தைப் படம் ஓடுற இடத்தில வேலை செய்யிறா எண்டு கேள்வி. கலியாணம் பேசுற வயசில உது சரியே?"

நான் அவருக்கு நேரே போய் நின்றேன்.

"ஓம் அங்கிள், செய்யிறன்தான். புதன்கிழமை உங்கட ரிக்கற்றைக் கிழிச்சதும் நான்தான். படம் முடியுமட்டும் இருந்தனீங்கள்."

அவர் சிரித்தார். "பிள்ளை வேற ஆரையோ பாத்திட்டுச் சொல்லுது." பக்கத்தில் நின்ற அவரது மனைவி கையிலிருந்த தேத்தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர்கூட அங்கிளிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்கள்: "பெரியாக்களோட உப்பிடியே கதைக்கிறது?"

காரில் அம்மா சொன்னார்: "அவர் போயிருப்பார் எண்டு எனக்குத் தெரியும். நீ பொய் சொல்லமாட்டாய். ஆனா அவர் ஆம்பிளை. நீ போய் மன்னிப்புக் கேள்."

அந்த ஆளின் பொய்யைவிட இதுதான் எனக்குச் சுட்டது. நான் சொன்னதை நம்பிக்கொண்டே என்னை முழந்தாளிடச் சொல்கிறார்!

"கேக்கமாட்டன்" என்றேன்.

மூன்று கிழமை, இருபத்தொரு நாள், வீட்டில் எனக்குச் சோறு மூடி வைக்கப்பட்டிருந்தது, பேச்சு இல்லை. நான் பூசைக்குப் போவதை விட்டேன், வேலையை விடவில்லை. அங்கிள் இன்னும் பூசையில் வாசிக்கிறாராம். குரல் கணீரென்று இருந்தது என்று அம்மா வந்து சொல்கிறார்.