டிடெக்டருக்குத் தப்பிய கேயான்

பாளையங்கோட்டைப் பெண்கள் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியை கெசியா. முப்பத்தேழு வயதில் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தபோது சொந்தக்காரர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். கணவர் பாக்கியசீலன் சிரிக்கவில்லை. மின்வாரியத்தில் லைன்மேன் அவர். "பள்ளிக்கூடத்தையும் விட்டுராத, இதையும் விட்டுராத. காலைச் சமையல நான் பாத்துக்கிடுதேன்" என்றார். முதல் ஆறு மாதம் சாம்பாரில் உப்பு ஒரு நிலைக்கு வரவில்லை. ஆனால் சாம்பார் வராத நாள் இல்லை.

வழிகாட்டி நடராஜ் சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருந்தார். அவருடைய குழுவுக்கு வெளிநாட்டுத் துகள் முடுக்கி ஒன்றிலிருந்து தரவு வரும். அங்கே எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிட்டால் பி மீசான் என்னும் துகள்கள் பிறந்து, பிறந்த கணமே சிதைந்துவிடும். பத்து லட்சம் சிதைவுகளில் நாலைந்தில் மட்டும் கேயான் என்ற துகள் ஒன்றோடு இரண்டு நியூட்ரினோக்கள் வெளியேறும். நியூட்ரினோ, துகள்களைப் பதிவு செய்யும் டிடெக்டர் கருவியில் சிக்காது. மோதும்போது இருந்த ஆற்றலில் ஒரு பங்கு காணாமல் போயிருப்பதை வைத்துத்தான் அது வந்துபோனதை ஊகிக்க வேண்டும். கோட்பாடு சொல்வதைவிட அதிக முறை இப்படி நிகழ்ந்தால், யாரும் அறியாத புதுத் துகள் ஏதோ அந்த ஆற்றலைக் கொண்டுபோகிறது என்று சந்தேகிக்கலாம்.

ஐந்தாம் வருடம், 2023 நவம்பரில், கெசியாவுக்கு அப்படித்தான் தென்பட்டது. கோட்பாடு சொன்னதைப்போல மூன்று மடங்கு. போனில் நடராஜின் குரலே மாறிவிட்டது. ஆய்வுக் குழுவின் ஜனவரிக் கூட்டத்தில் அவளே அதைச் சொல்வது என்று முடிவாயிற்று.

டிசம்பர் நடுவில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. வண்ணார்பேட்டையில் அவர்கள் வீட்டுக்குள் இடுப்பளவுத் தண்ணீர். பாக்கியசீலன் சாய்ந்த மின்கம்பங்களோடு அலைந்துகொண்டிருந்தார். தண்ணீர் சற்று வடிந்ததும் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அவளோடு பள்ளியில் வேதியியல் நடத்தும் தோழி பாத்து, மேலப்பாளையத்திலிருந்து வந்திருந்தாள்.

"துணிமணியும் அந்த லேப்டாப்பும் எடு. எங்க மாடி ரூம் சும்மாதான் கெடக்கு."

"எத்தன நாள் ஆகுமோ தெரியல, பாத்து."

"ஒன்ட்ட நாள் கேட்டனா நான்?"

பதினாறு நாள் ஆயிற்று. அந்த மாடியில் இணையம் வந்து வந்து போனது. பெரிய கணக்கு எதையும் ஓட்ட முடியவில்லை. அதனால், அலுப்பில் ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டிருந்த சின்னச் சோதனை ஒன்றைக் கையிலெடுத்தாள். மின்னூட்டம் இல்லாத, நீண்ட ஆயுளுள்ள ஒருவகைக் கேயான் உண்டு. அதுவும் சிலசமயம் டிடெக்டரில் தடமே விடாமல் போய்விடும். பார்ப்பதற்கு நியூட்ரினோ போனது போலவே இருக்கும். எத்தனை கேயான் அப்படித் தப்பும் என்று கம்ப்யூட்டர் கணிப்பு ஒன்று சொல்லியிருந்தது. கெசியா அதை நம்பியிருந்தாள். இப்போது, கேயான் நிச்சயமாக உள்ளே போயிருக்கிறது என்று கூட வந்த துகள்களால் தெரிந்த நிகழ்வுகளை மட்டும் பொறுக்கினாள். டிடெக்டர் அதைப் பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கணிப்பு சொன்னதைவிட மிக அதிகமாகத் தப்பியிருந்தன.

மூன்று முறை திரும்பச் செய்தாள். பிறகு கீழே இறங்கி, மீன் அலசிக்கொண்டிருந்த பாத்துவிடம் போய் நின்றாள்.

"நான் கண்டதுல பெரும்பங்கு நியூட்ரினோவே இல்ல. டிடெக்டர் கோட்டவிட்ட கேயான்."

பாத்து நிமிர்ந்து பார்த்தாள். "வேற யாருக்கும் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லலன்னா?"

"என்னைக்காவது ஒருத்தர் கண்டுபிடிப்பாங்க. அதுவரைக்கும் இல்லாத ஒண்ணத் தேடி எத்தன பேரு அலையணும்."

"அப்பம் இப்பவே போனப் போடு. நான் இங்கனதான் நிக்கேன்."

நடராஜ் முழுக்கக் கேட்டார்.

"கடைசியா எவ்வளவு மிஞ்சும்?"

"ஒன்றரை மடங்குகூட வராது சார். பிழை வரம்புக்குள்ள கோட்பாட்டோட ஒத்துப்போகுது."

"கூட்டத்துல இதையே சொல்லுங்க, கெசியா. திரையில காட்டுற முதல் படமே இதுவா இருக்கட்டும்." ஏமாற்றத்தை அவர் மறைக்கவில்லை. ஆனால் அடுத்த வாக்கியம் நன்றியாக இருந்தது. "இது வெளியே போறதுக்கு முன்னாடி சொன்னீங்களே, அது போதும்."

கூட்டத்தில் அவள் சொன்னாள். கட்டுரை எட்டு மாதம் தள்ளிப்போயிற்று. அந்த மாதங்களில், இதேபோல ஆற்றல் காணாமல்போகும் சிதைவுகளைத் தேடிக்கொண்டிருந்த வேறு மூன்று குழுக்கள் அவளுடைய சோதனையை வாங்கித் தங்கள் தரவிலும் செய்து பார்த்தன. இரண்டு குழுக்கள் தங்கள் எண்களைத் திருத்திக்கொண்டன.

2025இல் முனைவர் பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டில் நன்றியுரை மூன்று பக்கத்துக்கு நீண்டுவிட, ஒரு பக்கமாகக் குறைக்கச் சொன்னார்கள். சபையார், சித்தப்பாமார், பழைய ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே வரிக்குள் அடங்கினார்கள். பாக்கியசீலனுக்கும் பாத்துவுக்கும் தனித்தனிப் பத்தி. அவற்றில் ஒரு சொல்லையும் அவள் குறைக்கவில்லை.

இப்போது முன்பைவிட அதிகமான தரவு வருகிறது. பள்ளி விட்டதும் தினமும் இரண்டு மணி நேரம் உட்காருகிறாள். இதுவரை புதிதாக எதுவும் தென்படவில்லை. கேட்டால் சொல்கிறாள்: "கெடைச்சா சந்தோசம்தான். என்னையத் தேட விட்டாங்கல்லா, அதுக்கே நான் நெறையப் பேருக்கு நன்றி சொல்லணும்."