எரியாது, வெள்ளையாகவும் வராது

குசினிச் சாமானை அரைத்துப் பொட்டலம் கட்டி முகத்துக்குப் பூச விற்கிறவளுக்கு, பொழுது விடிந்தால் ஒரே கேள்விதான்: "வெள்ளையா வருமோ?" வீட்டில் எதையாவது செய்து விற்றுப் பிழைக்கும் சகோதரிகளே, உங்களுக்கும் இப்படி ஒரு கேள்வி இருக்கும். பல்லைக் கடித்துக் கடித்தே உங்கள் பல்லும் பாதி தேய்ந்திருக்கும்.

நான் முல்லைத்தீவுப் பக்கம், தண்ணீரூற்று என்ற ஊரில் இருக்கிறேன். வறுத்த பயறு, சிவப்பரிசி, காய்ந்த தோடம்பழத் தோல், கஸ்தூரி மஞ்சள். இவ்வளவுதான் என் சாமான். அரைத்து, அரிதட்டில் மூன்று தரம் அரித்து, 'ஸ்கிரப்' என்று பேர் ஒட்டி விற்கிறேன். தயிரிலோ தேங்காய்ப்பாலிலோ குழைத்துத் தேய்த்தால் ஊத்தை போகும், முகம் மெத்தென்று இருக்கும். நான் கொடுக்கும் வாக்கு ஒன்றே ஒன்று: எரியாது. அந்த வாக்கு பொய்த்தால் மறுநாள் என் வாசல் படலையை ஒருவரும் திறக்க மாட்டார்கள்.

புட்டு

முள்ளியவளையிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இறங்கின விதத்திலேயே சண்டைக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. அவருடைய மனைவி என்னிடம் வாங்கின பொட்டலத்தைக் குசினி அலுமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். இவர் பசி வந்ததும் அதைக் குழைத்துப் புட்டு அவித்துவிட்டார். பொட்டலத்தில் 'முகத்துக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். அதை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே பிடித்து, "இதை வாசிச்சனீங்களோ?" என்று கேட்டேன். மனிதர் கொஞ்சமும் அசையவில்லை.

"வாயில வைக்க ஏலாத சாமானை எப்பிடி அக்கா முகத்தில வைக்கச் சொல்லுறியள்?"

மிளகாய் மெஷின்

நான் போகிற மில்லில் மிளகாய்க்கு ஒரு மெஷின், மாவுக்கு ஒரு மெஷின். "மா மெஷினில போடுங்கோ" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுச் சந்தைக்குப் போய் வந்தேன். மில்காரர், அதில் கூட்டம் என்று மிளகாய் மெஷினில் போட்டு அரைத்துவிட்டார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

எந்த மாவையும் என் கன்னத்தில் பூசிப் பார்க்காமல் நான் வெளியே விடுவதில்லை. அன்றும் பூசினேன். கிணற்றடிக்கு ஓடி வாளி வாளியாக அள்ளி ஊற்றியும் எரிவு அடங்கவில்லை. அரைத்த ஐந்து கிலோவையும் குழி வெட்டித் தாட்டேன். பிறகு அந்தச் சிவந்த கன்னத்தோடேயே மில்லுக்குப் போய்க் கத்தினேன். அவர் என் கன்னத்தை வடிவாகப் பார்த்துவிட்டு எனக்கே தொழில் சொல்லித் தந்தார்.

"கொஞ்சம் எரிஞ்சாத்தானே அக்கா, சாமான் வேலை செய்யுது எண்டு சனம் நம்பும்."

லேபலில் சிரிக்கிறவள்

சுயதொழில் பயிற்சி தந்த நிறுவனத்திலிருந்து ஒரு உத்தியோகத்தர் வந்தார். என் பொட்டலத்துக்கு வடிவான லேபல் அடித்துத் தருவதாகச் சொல்லி, மாதிரியையும் கையோடு கொண்டுவந்தார். அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பாலுக்குள் விழுந்து எழும்பினவள் போல வெள்ளை. அப்படி ஒருத்தியை முல்லைத்தீவு பஸ் ஸ்டாண்டில் நான் இதுவரை கண்டதில்லை. "இவ ஆர்? என்ர மாவைப் பூசினவவோ?" என்று கேட்டேன். படம் இன்டர்நெட்டில் எடுத்ததாம். அப்படியென்றால் ஒவ்வொரு நாளும் இதைப் பூசுகிற என் படத்தைப் போடுங்கோ என்றேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வைக்கே நான் விளக்குமாறு எடுத்திருக்க வேண்டும்.

"கோவிக்காதேங்கோ அக்கா, உங்கட கலரைப் பாத்தா ஆர் வாங்குவினம்?"

பிரான்ஸுக்குப் போன படம்

எங்கள் ஊர் யோகம் அக்கா தன் மகள் கௌசியைக் கூட்டிக்கொண்டு வந்தார். கௌசிக்கு இருபத்தி நாலு வயது. என்னைப் போலக் கறுப்பு, என்னைவிட எவ்வளவோ வடிவு. பிரான்ஸில் இருக்கும் மாப்பிள்ளைக்குப் படம் அனுப்பி, அவருக்குப் பிடித்து, கல்யாணமும் பேசியாகிவிட்டது. தை மாதம் மாப்பிள்ளை நேரில் வருகிறாராம். நல்ல விஷயம்தானே, இதில் என்ன கவலை என்று கேட்டேன். யோகம் அக்கா கைப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து என் மேசையில் வைத்தார்.

ஸ்டூடியோக்காரர் பிள்ளைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். கண்ணும் மூக்கும் மட்டும்தான் கௌசியுடையவை. போனில் முகம் பார்த்துக் கதைக்கும்போதும் வெளுப்பாகக் காட்டும் பில்டரைப் போட்டுத்தான் தாய் கதைக்க விடுகிறார். இப்போது தையல்காரியிடம் அளவுச் சட்டை கொண்டுபோவது போல, அந்தப் படத்தை என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்! இது ஊத்தையைத்தான் எடுக்கும், நிறத்தை மாற்றாது என்று மூன்று தரம் சொன்னேன். மாப்பிள்ளைக்கு உள்ளதைச் சொல்லுங்கோ என்றும் சொன்னேன். கௌசி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். கிழிக்கவில்லை, பொட்டலத்தைக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

"படம் போனது போயிட்டுது, இனி முகத்தைத்தானே தங்கச்சி மாத்தலாம்."

ஓட்டோவில்

மூன்று கிழமை கழித்துப் படலையடியில் ஒரே கத்தல். "உன்ர மா என்ர பிள்ளையின்ர முகத்தை எரிச்சுப் போட்டுதடி!" யோகம் அக்காதான். வாங்க வந்திருந்த இரண்டு பெண்கள் பொட்டலங்களை மேசையில் வைத்துவிட்டு மெல்ல நழுவினார்கள். கௌசியின் இரண்டு கன்னமும் சிவந்து, தோல் உரிந்து கிடந்தது. அதே மாவை அன்று காலையும் என் முகத்தில் பூசியிருந்தேன். "வேற என்ன பூசினனீங்கள்?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை" என்றார் தாய்.

கௌசி கைப்பையைத் திறந்து, பேரும் இல்லாத ஊரும் இல்லாத ஒரு கிறீம் டப்பாவை எடுத்து வைத்தாள். வெள்ளையாக்கும் கிறீமாம். தாய் அதை என் மாவோடு சேர்த்துக் குழைத்துப் பூசிவிட்டிருக்கிறார். எரியுது அம்மா என்று பிள்ளை அழுதபோது, எரிந்தால்தான் வேலை செய்யும் என்று சொல்லியிருக்கிறார். மில்காரர் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. அன்று யோகம் அக்காவுக்கு நான் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. பேசிக்கொண்டேதான் ஓட்டோ பிடித்து இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் கிறீமை எறியச் சொன்னார். ஆறும் வரைக்கும் என் மாவும் வேண்டாம், வெயிலும் வேண்டாம் என்றார். ஆறிவிடும் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

திரும்பி வரும்போது கௌசியின் போன் அடித்தது. மாப்பிள்ளை. தாய் அதைப் பறித்து, கமராவை ஓட்டோக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டு, "பிள்ளைக்குக் காய்ச்சல், பேந்து எடுங்கோ தம்பி" என்றார். கௌசி போனைத் திரும்பப் பிடுங்கினாள். பில்டரை நிறுத்தினாள். உரிந்த முகத்துக்கு நேரே பிடித்து, "இதுதான் நான். உங்களுக்கு வந்த படம் நானில்லை" என்றாள். மாப்பிள்ளை, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். நல்ல சம்பந்தம் கைவிட்டுப் போகுதே என்று யோகம் அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கௌசி அழவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் அன்றுதான் கண்டேன்.

"அவருக்கு அந்தப் படத்தையே கட்டிக் குடுங்கோ அம்மா, நான் வீட்டில நிக்கிறன்."

அடுத்த கிழமையே என் கறுத்த முகத்தை லேபலில் அடித்து, கீழே 'எரியாது, வெள்ளையாகவும் வராது' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டேன். இப்போது வருகிறவர்கள் அதை ஒரு எழுத்து விடாமல் வாசித்து, தலையாட்டி, பொட்டலத்தைக் கையில் எடுத்த பிறகுதான் கேட்கிறார்கள், வெள்ளையா வருமோ என்று.