லேமினேஷன் போட்ட மருந்துச் சீட்டு

அந்தச் சீட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பளபளவென்று, ஓரம்கூட மடங்காமல். மலை மழையில் நனைந்து நைந்துவிடும் என்று அதற்கு லேமினேஷன் போட்டுக் கொடுத்தவன் நான்தான். பெரிய உபகாரி!

காளப்பநாயக்கன்பட்டி பஸ் நிறுத்தத்தில் என் மருந்துக்கடை. சீட்டு டீச்சரம்மாவுடையது; கொல்லிமலைப் பள்ளிக்கூடத்துக்கு முதல் பஸ் ஏறுகிறவர். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். திங்கள்கிழமை தோறும் என் கடை வாசலில் நின்று விழுங்குவார். "கடைசிக் கொண்டை ஊசி வளைவு திரும்பறதுக்குள்ள அரை மணி தாண்டிரும் தம்பி, அப்பறம் இட்லியப் பிரிச்சுக்குவேன்" என்பார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனுஷி. எழுதிக் கொடுத்த டாக்டர் மறு வருஷமே ஊர் மாறிப் போய்விட்டார். ஒன்பது வருஷம் அதே சீட்டைப் பார்த்து மாத்திரை கொடுத்தேன், தேதியைப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக்குக்குள் இருப்பதற்கு வயசே ஆகாது என்று நினைத்தேனோ என்னவோ.

ஒரு மழைக்காலத்தில், "ஏனுங் தம்பி, ரெண்டு தொடையும் உள்ளுக்குள்ளயே வலிக்குதுங்க" என்றார். பஸ் படி ஏறி இறங்குகிற வலி என்று தைலம் கொடுத்தேன். கூடவே அந்த மாத்திரையையும் கொடுத்தேன். மூன்று மாதம் இப்படியே போனது. ஒரு சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கிக் காலை ஊன்றினார். வழுக்கவில்லை, தடுக்கவில்லை. வலது தொடை எலும்பு ஒடிந்த பிறகுதான் ஆள் சாய்ந்தார். அந்தச் சத்தம் கடைக்குள் கேட்டது.

நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். தொடைக்குள் கம்பி வைத்த டாக்டர் எங்கள் இருவர் முன்னாலும் எரிந்து விழுந்தார். "சில வருஷத்துல நிறுத்தலாமான்னு பாக்க வேண்டிய மாத்திரைங்க இது. ரொம்ப நாள் சாப்பிட்டா அபூர்வமா தொடையெலும்பு இப்படி ஒடியும். தொடை வலிச்சப்பவே வந்திருக்கணும். யாரு இத்தனை வருஷம் குடுத்தது?" இடது தொடையெலும்பிலும் கீறல் விட்டிருந்தது. டீச்சரம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தானுங்க கேட்டு வாங்கித் தின்னேன்" என்றார். நான் வாயே திறக்கவில்லை. சீ! அன்று நின்ற நிற்பை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பு.

அவர் வாக்கரோடு வீடு திரும்பிய பிறகு பார்க்கப் போனேன். சீட்டை நீட்டினார். "நிறுத்தியாச்சுன்னு இதுலயே எழுதிருங்க தம்பி. தெரியாம யாராச்சும் குடுத்துரப் போறாங்க."

"நான்தானே டீச்சர் குடுத்தேன்" என்றேன்.

"தெரியுமுங்க. எழுதுங்க."

பேனாவை அழுத்தினேன். பிளாஸ்டிக்கில் மை பிடிக்கவில்லை. கடையில் வைத்து எழுதித் தருகிறேன் என்று வாங்கி வந்தேன்.

முதல் பஸ் இன்றும் அவர் இல்லாமல் போனது. இழுப்பறையைத் திறந்து மறுபடியும் எழுதிப் பார்த்தேன். விரல் பட்டதும் அழிந்துவிட்டது.